பண்டத்தரிப்புக் கிணற்றுக் கல்: ரெனன்ற்றின் பவளக் கொள்கைக்கு ஒரு மறுப்பு

யாழ்ப்பாணக் குடாநாடு பவளத்தால் ஆன நிலம் என்ற கூற்று இன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. அதற்குப் பெரிதும் வலுவூட்டியது, இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட ‘சிலோன்’ நூல். வட இலங்கையை அண்மையில் எழுந்த நிலமாகவும், பவள உயிரிகளும் கடல் நீரோட்டம் கொணர்ந்த மணலும் சேர்ந்து ஆக்கியதாகவும் அவர் கண்டார். கரையோரத்துக்கும் தீவுகளுக்கும் இது ஓரளவு பொருந்தும்; அங்கே முருகைக்கல் உண்டு. குடாநாட்டில் பண்டத்தரிப்பு அடங்கிய வலிகாமத்தின் உட்பகுதிக்கும் அதையே நீட்டியதுதான் பிழை.

அந்தப் பிழை தண்ணீர் பற்றிய இன்னொரு பிழைக்கு வழிவிட்டது. கடலின் வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்கும் புத்தூர்க் கிணற்றை ரெனன்ற் விரிவாக எழுதினார். பவளத் தீவுகளின் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கும் மழைநீரே என்று டார்வின் விளக்கியிருந்தார். ரெனன்ற்றுக்கு அது போதவில்லை. கடல்நீரே பாறை வழியே வடிந்து உப்பை இழக்கிறது என்ற பக்கம் சாய்ந்தார். இதை நான் முற்றாக மறுக்கிறேன். சுண்ணக்கல்லின் வெடிப்புகளும் பொந்துகளும் நீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கமாட்டா. கல் கடலைத் தித்திப்பாக்குமானால், இறைக்க இறைக்க நன்னீர் வந்துகொண்டே இருக்கவேண்டும். நடப்பதோ வேறு: அளவுக்குமிஞ்சி இறைத்த கிணறு உவர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சேமித்த நீர்தான் நம்முடையது. இந்த இடத்தில் டார்வின் சொன்னதே சரி.

பண்டத்தரிப்பில் ஒரு பழைய கிணற்றின் கட்டில் பதித்த கல்லொன்றைப் பார்த்தேன். அதில் சிப்பியும் சுருள்சங்கும் இருந்த இடங்கள் வெறும் அச்சுகளாக நிற்கின்றன, ஓடு கரைந்துபோய்விட்டது. முருகைக்கல்லில் காணும் நட்சத்திரக் குழிகள் ஒன்றுமில்லை. கடலடியில் சேறாகப் படிந்து இறுகிய அடையற்பாறை இது. ஒரு கல்லை வைத்து ஊரின் அடிநிலத்தைத் தீர்மானிப்பது மெலிந்த சான்றுதான், அக்கல் வேறிடத்திலிருந்து வந்திருக்கவும் கூடும். ஆயினும் ஓடு முழுதும் கரைந்து அச்சு மட்டும் நிற்பது, அண்மைக்காலப் பவளம் என்ற வாசிப்புக்கு ஒத்துவராத அடையாளம் என்றே கொள்கிறேன்.

கல்லின் வயதை நிலவியலாளர்கள் வேலண்டும் மோர்லி டேவிஸும் 1923இல் நிறுவினர். குடாநாட்டுச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. அதிலுள்ள நுண்ணுயிர்ப் புதைவடிவங்கள் கேரளத்தின் கொல்லம் படிவுகளோடு உறவுடையவை. அக்காலத்தின் முற்பகுதியா நடுப்பகுதியா என்பதை இங்கே முடிவுகட்டாமல் விடுகிறேன்.

தெற்கே வன்னிக்குப் போனால் அடிக்கல் முழுதும் வேறு. நாம் கருங்கல் என்பது பெரும்பாலும் உருமாறிய பாறை, அதில் ஒரு பகுதி ஆதியில் தீப்பாறை. அது நீரை எளிதில் உள்வாங்காது. ஆகவே வன்னி குளம் கட்டியது, வலிகாமம் கிணறு தோண்டியது. பண்டத்தரிப்பு வீடுகளில் உள்ள அம்மியும் ஆட்டுக்கல்லும் கடல் கடந்தோ வன்னி கடந்தோ வந்தவையே.

புத்தளம் மாவட்டத்துத் தோணிகலவில் கிடப்பது உண்மையான தீப்பாறை, கிரனைட். அதன்மீது பிராமி எழுத்தில் பெரிய கல்வெட்டு உண்டு. அது பௌத்த சங்கத்துக்குக் குளம் ஒன்றை வழங்கியதைச் சொல்கிறது. தீப்பாறை நிலத்தில் குளமே செல்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அக்கல்வெட்டில் வரும் மன்னன் காமணி அபயன் வட்டகாமணியே என்பது பலர் கருத்து. அப்பெயர் துட்டகைமுனுவுக்கும் உரியதாதலால் நான் உறுதி சொல்லவில்லை. சுண்ணக்கல்லில் இவ்வளவு பழைய கல்வெட்டு கிடைக்கவில்லை என்று காட்டி, குடாநாட்டில் எழுத்து பிந்தியே வந்தது என வாதிடுவது தவறு. மழைநீரில் கரையும் கல்லில் எழுத்து எளிதில் அழிந்துபோகலாம். 1980இல் குடாநாட்டின் ஆனைக்கோட்டையில் கிடைத்த பிராமி எழுத்து முத்திரை அந்த வாதத்தைத் தகர்க்கிறது.

பண்டத்தரிப்பிலும் அயலிலும் கிணறு தோண்டுவோர், ஆழ்த்துவோர் வெளியே எறியும் கல்லை ஆழம் குறித்து எடுத்துவைக்குமாறும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறைக்குக் காட்டுமாறும் வேண்டுகிறேன்.