வாழ்ந்த மண்ணில் ஈமத்தீ

இறந்தாரை வழியனுப்புவதில் தமிழர் என்றும் ஒரே நெறியைக் கொண்டிருந்ததில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் அடக்கம் செய்யும் வழக்கத்தைக் காட்டுகின்றன. புறநானூற்றில் தாழியும் உண்டு; ஈமத்தீயும் உண்டு. மணிமேகலை காட்டும் சக்கரவாளக் கோட்டத்தில் எரிப்பவரும் புதைப்பவரும் தாழியிட்டு மூடுபவரும் அருகருகே கடன் கழிப்பதைக் காண்கிறோம். முறைகள் பலவாயினும் கடமை ஒன்றே.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாம் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. திருவனந்தபுரத்தின் வடபால் அமைந்த கழக்கூட்டம், எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரின் பெயரால் வரலாற்றில் அறியப்பட்ட ஊர். 1990இல் டெக்னோபார்க் தோன்றிய பின்னர், பிற ஊரினர் பலரும் இங்கு வாடகை வீடுகளிலும் அடுக்ககங்களிலும் குடியேறினர். 2010இல் இவ்வூர் மாநகராட்சியோடு இணைந்தது.

கேரளத்து இந்துக்கள் பலரிடம், வீட்டு வளாகத்தின் தென்பகுதியில் மாமரம் வெட்டிச் சிதை அடுக்குதல் மரபு. அது நிலமுடையார்க்கே இயலும். நிலமற்ற ஏழையர் சமையலறைத் தரையை இடித்துப் புதைத்த துயரமும் இந்நாட்டில் நிகழ்ந்ததுண்டு. தமிழகத்திலோ மயானம் ஊரின் புறத்தே இருந்தும், சாதிக்கொரு சுடுகாடு என்னும் இழிவு முற்றும் நீங்கவில்லை. ஆகவே பொதுத் தகனமேடையை வசதி என்று மட்டும் கருதலாகாது. நிலமும் குலமும் கேளாத தீ அது.

திருவனந்தபுரம் தைக்காட்டில் மாநகராட்சியின் ‘சாந்திகவாடம்’ அத்தகையது. விறகு, எரிவாயு, மின்சாரம் என மூவகையிலும் அங்கு எரியூட்டுவர். கழக்கூட்டத்திலும் ‘சாந்திதீரம்’ என்னும் பொது மயானம் உண்டு. விறகுச் சிதைக்கு நூற்றுக்கணக்கான கிலோ மரமும் பல மணி நேரமும் வேண்டும். மின் உலையில் ஓரிரு மணியில் முடியும். வாய்க்கரிசி இடுதலும் நீர்க்குடம் உடைத்தலும் உலை வாயிலுக்கு முன்னரே நிறைவேறும். கொள்ளிக்கு ஈடாகக் கற்பூரம் ஏற்றுவர். அஸ்தியைப் பெற்றுத் திருவல்லத்திலோ, வர்க்கலைப் பாபநாசத்திலோ, குமரி முனையிலோ கரைக்கலாம்.

துயர வேளையிலும் சில காரியங்களை மறத்தலாகாது. இயற்கை மரணமாயின் மருத்துவரின் சான்று முதலில் வேண்டும். விபத்தாயின் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பின்னரே எரியூட்ட இயலும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிதல் வேண்டும். வங்கிக்கும் ஓய்வூதியத்திற்கும் வாரிசுரிமைக்கும் அச்சான்றே அடிப்படை.

எல்லாவற்றினும் கடினமான வினா ஒன்றுண்டு: உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்வதா, இங்கேயே எரியூட்டுவதா? முதியோர் பலர் பிறந்த மண்ணையே விரும்புவர். அவ்விருப்பத்தை அவர்கள் நலமாயிருக்கும்போதே கேட்டறிதல் மக்களின் கடன். அமரர் ஊர்தி வாயிலில் வந்து நிற்கும் வேளையில் உடன்பிறந்தார் வழக்காடுதல் இறந்தார்க்குப் பெருமை ஆகாது.

இங்கே எரியூட்ட நேரினும் அதனை அநாதை முடிவு என்று வருந்த வேண்டுவதில்லை. எந்த மண்ணில் உழைத்து மக்களை வளர்த்து அண்டை அயலாரின் அன்பைப் பெற்றோமோ, அந்த மண்ணும் நம் மண்ணே. வாழ இடந்தந்த ஊர் இறுதித் தீயும் தருமாயின், அவ்வூரில் நாம் இனி விருந்தினர் அல்லர்.