கிண்ணம் பிடித்த கையும் ஏடு பிடித்த கையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'பரியாரி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நாடி பார்த்து மருந்து கொடுத்த நாட்டு வைத்தியரும் பரியாரி. ஊருக்குச் சவரம் செய்த தொழிலாளியும் பரியாரி. ஆனால் முன்னவரை ஊரார் 'பரியாரியார்' என்று அழைத்தனர். பின்னவருக்கு அந்த 'ஆர்' விகுதி கிடைக்கவில்லை. ஒரே சொல்லில் பிறந்த இருவருள் ஒருவர் திண்ணையில் அமர்ந்தார். மற்றவர் முற்றத்தில் நின்றார். தமிழகத்திலும் முடி திருத்தும் சமூகத்தவர் 'மருத்துவர்' என்ற பெயரைத் தாங்கி வந்தனர். அவர்தம் வீட்டுப் பெண்களே மருத்துவச்சிகளாக ஊரின் பிள்ளைப்பேறுகளைக் கவனித்தனர்.

சொற்கள் சமூகத்தின் பழைய கணக்கை மறப்பதில்லை. நோய் தீர்க்கும் தொழிலில் கையும் மூளையும் ஒன்றாயிருந்த ஒரு காலமும், அவை பிரிக்கப்பட்ட ஒரு காலமும் இருந்தன என்பதையே இச்சொல் நமக்கு உணர்த்துகின்றது. இப்பிரிவு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் நிகழ்ந்த இதனை ஒரு சிறு கருவியின் வரலாற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அக்கருவி, குருதியை உறிஞ்சுவதற்காக உடலின்மேல் கவிழ்த்து வைக்கப்படும் கிண்ணம்.

கிண்ணம் வேலை செய்யும் முறை மிக எளியது. அதனுள்ளே சிறிது தீயை எரியவிட்டு, சூட்டோடு முதுகில் கவிழ்ப்பர். சூட்டினால் விரிந்த காற்றிற் பெரும் பகுதி முன்னரே வெளியேறிவிடும்; எஞ்சிய காற்று குளிரும்போது உள்ளே அமுக்கம் குறையும். உடனே தோலும் தசையும் கிண்ணத்துள் மேடாக எழும். சிறு குருதிக் குழாய்கள் உடைந்து தோலின் கீழே குருதி கசியும். அதுவே வட்டமான கருஞ்சிவப்புத் தழும்பாகத் தெரியும். இது உலர்ந்த முறை. தோலைக் கீறிய பின் கிண்ணத்தை வைத்துக் குருதியை வெளியே எடுப்பது மற்றொரு முறை. தழும்பின் கருமையைக் கண்ட பழங்காலத்தவர், உடலுள் மறைந்திருந்த கெட்ட நீர் வெளிப்பட்டுவிட்டதாக நம்பினர். உண்மையில், நோயே இல்லாத ஒருவரின் முதுகில் வைத்தாலும் அதே தழும்பு தோன்றும்.

இம்முறையை யார் கண்டுபிடித்தனர் என்று கேட்பது பயனற்றது. சீனாவில் மாவாங்டுயி என்னுமிடத்தில், கி. மு. 168 இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து 1973 இல் பட்டுத்துணி ஏடுகள் கிடைத்தன. மூல நோய்க்குக் கொம்பை வைத்து உறிஞ்சும் முறை அவற்றிலே கூறப்பட்டுள்ளது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்கள் கிண்ணத்தைப் பேசுகின்றன. சுசுருத சங்கிதை கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை என்ற மூன்றையும் வகுத்து, வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை என்று விதிக்கின்றது. நமது சித்த மருத்துவம் எண்ணும் 32 புறமருந்துகளுள் அட்டை விடலும் உறிஞ்சலும் குருதி வாங்கலும் இடம்பெறுகின்றன. கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், வெண்கலக் கிண்ணத்தையும், நுனியில் துளையிட்டு வாயால் உறிஞ்சி மெழுகால் அடைக்கும் கொம்பையும் விவரித்தபின், இவை கிடையாவிடத்து வாய் குறுகிய குவளையோ கூழ்ச்சட்டியோ போதும் என்கின்றார். மாடு மேய்த்தவனிடம் கொம்பு இருந்தது. தோட்டக்காரனிடம் சுரைக்காய் இருந்தது. ஏழையின் அடுப்படியில் சட்டி இருந்தது. கையிற் கிடைத்ததைக் கொண்டு நோவைத் தணிக்க முயன்ற உழைக்கும் மக்களின் கருவியே கிண்ணம். மன்னரும் புலவரும் பின்னர்தான் அதைத் தமதாக்கினர்.

பழைய கிரேக்க உலகில் இதனை இழிவாக எவரும் கருதவில்லை. கி. பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏதன்ஸ் நகர வைத்தியர் ஒருவரின் கல்லறைக் கல் இன்று பிரித்தானிய அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. வைத்தியர் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கின்றார். அருகிலே மிகப் பெரிய கிண்ணம் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. கிண்ணமே அன்று வைத்தியத் தொழிலின் சின்னம். சுசுருதரும் இவ்வகையிலே தெளிவானவர். நூலை மட்டும் கற்றவனும் கைத்தொழிலை மட்டும் அறிந்தவனும் ஒற்றைச் சிறகுடைய பறவை போன்றோர் என்பது அவர் கருத்து. நோயாளியைத் தொடுமுன் மாணவன் பூசணியையும் வெள்ளரியையும் அறுத்துப் பழகவேண்டும் என்றும், பிணத்தை நீரில் ஊறவைத்து உறுப்புக்களைக் கண்ணாற் காணவேண்டும் என்றும் அவர் விதித்தார்.

அந்தப் பறவையின் சிறகை ஒடித்தது எது? மனுதர்ம நூலைப் பார்த்தால் விடை ஓரளவு புலப்படும். வைத்தியன் கொடுக்கும் உணவு உண்ணத்தகாதது என்று அது விலக்குகின்றது. குருதியையும் சீழையும் பிணத்தையும் தொட்ட கை தீட்டுப்பட்ட கை. தீட்டுக்கு அஞ்சிய சமூகத்தில் ஏட்டை வைத்துக்கொண்டவன் கத்தியைக் கீழே போட்டான். அதனை எடுத்தவனோ ஏட்டை நெருங்க இடம் பெறவில்லை.

அரபு நாட்டிலும் கிண்ணம் பிடித்த கை தாழ்ந்த கையாகவே இருந்தது. முகம்மது நபி அவர்களுக்குக் கிண்ணம் வைத்துக் குருதி எடுத்தவர் அபூ தைபா என்ற அடிமை. தாம் உழைத்துப் பெற்றதில் ஒரு பகுதியை எசமானருக்குச் செலுத்த வேண்டியவர் அவர். நபி அவர்கள் அவருக்குக் கூலியாகத் தானியம் அளிக்கச் செய்ததோடு, அவரிடம் பெறும் பங்கைக் குறைக்குமாறு எசமானரையும் கேட்டுக்கொண்டார்கள் என்று நபிமொழித் தொகுப்புக்கள் கூறுகின்றன. மருத்துவக் குறிப்பாக மட்டும் இதனைப் படிப்போர் பலர். உழைப்பாளியின் கூலி பற்றிய செய்தியாகவும் இதனைப் படித்தல் வேண்டும். எனினும், குருதி எடுப்பவனின் வருவாய் தூயதுதானா என்ற விவாதம் பின்வந்த சட்ட அறிஞரிடையே நெடுங்காலம் நிகழ்ந்தது.

ஐரோப்பாவிலே பிரிவினை சட்டமாகவே எழுதப்பட்டது. 1215 இல் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம், வெட்டுதலும் சுடுதலும் அடங்கிய சத்திர சிகிச்சையை உயர்நிலைக் குருமார் செய்தலாகாது என்று தடுத்தது. படித்தவர்களிற் பெரும்பாலோர் குருமாராயிருந்த காலம் அது. பல்கலைக்கழக வைத்தியன் நீண்ட அங்கி அணிந்து, இலத்தீன் மொழியில் நான்கு உடல்நீர்களின் கொள்கையை விரித்துரைத்தான்; குருதி எடுக்கும் வேலையை நாவிதனுக்கும் குளிப்பகக்காரனுக்கும் விட்டான். ஜேர்மன் நகரங்கள் பலவற்றிற் குளிப்பகத் தொழில் மானமற்ற தொழில்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இங்கிலாந்தில் 1540 இல் நாவிதரும் சத்திர வைத்தியரும் ஒரே சங்கமாக்கப்பட்டனர். 1745 இல், தமது மதிப்பு உயர்ந்ததென்று கண்ட சத்திர வைத்தியர் நாவிதரை உதறிப் பிரிந்து சென்றனர். எஞ்சியவருக்குக் கத்தரிக்கோல் மட்டுமே மிஞ்சியது.

இப்பிரிவினால் தாழ்த்தப்பட்டவன் இழந்தது மானம். ஆனால் மனித குலம் முழுவதும் இழந்தது வேறொன்று. கொள்கை வகுத்தவன் நோயாளியைத் தொடவில்லை. தொட்டவனுக்குக் கொள்கையைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. குருதி எடுத்தபின் எத்தனை பேர் எழுந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்பதை நாவிதனின் கண் கண்டிருக்கும். ஆனால் அவன் சாட்சி ஏட்டில் ஏறவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரு சிகிச்சை சோதிக்கப்படாமலே வாழ்ந்த மருமம் இதுவே. அதன் வலிமையால் அது வாழவில்லை. அதனைச் சோதிக்க வேண்டிய இருவரும் ஒருவரோடொருவர் பேசாமையால் வாழ்ந்தது.

அந்த மௌனத்தைக் கலைத்தவர்களுள் முதன்மையானவர் பியர் லூயி என்ற பிரெஞ்சு வைத்தியர். உருசியாவின் ஒடெசா நகரில் 1820 இல் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, தம் கல்வி எதற்கும் உதவாததைக் கண்டு மனம் நொந்து பாரிஸ் திரும்பினார். தொழிலைக் கைவிட்டு, ஏழைகளின் மருத்துவமனை ஒன்றில் ஏழு ஆண்டுகள் ஊதியமின்றி நோயாளரைப் பார்த்தார், குறித்தார், இறந்தோரைத் தம் கையாலேயே அறுத்து ஆராய்ந்தார். அக்காலத்துப் பாரிஸில் புரூசே என்ற வைத்தியரின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. எந்த நோய்க்கும் குருதி எடுத்தலே மருந்து என்றார் அவர். 1833 இல் மட்டும் பிரான்ஸ் நாடு நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது.

லூயி வாதிடவில்லை, எண்ணினார். நுரையீரல் அழற்சியுற்ற 77 பேரின் கணக்கை எடுத்தார். நோய் கண்ட முதல் 4 நாட்களுள் குருதி எடுக்கப்பட்டோர் 41 பேர். அவர்களில் 18 பேர் இறந்தனர். அதன் பின்னர் எடுக்கப்பட்டோர் 36 பேர். இறந்தோர் 9 பேர். விரைந்து குருதி எடுத்தால் உயிர் காக்கலாம் என்ற கோட்பாட்டுக்கு இக்கணக்கு இடங்கொடுக்கவில்லை. கணக்கிற் குறையும் உண்டு. தொகை சிறியது, குருதியே எடுக்கப்படாதோர் அதில் இல்லை. ஆயினும் 1835 இல் நூலாக வந்த அந்த ஆராய்ச்சி, ஆசானின் பெயரைவிட இறந்தோரின் தொகை பெரிய சான்று என்பதை நிறுவியது. அதற்காகத் தம் உடலையே ஏடாகத் தந்தவர்கள் பாரிஸ் நகரத்து ஏழைத் தொழிலாளர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

லூயியின் கணக்கு கத்தியைப் பற்றியது. கத்தி ஓய்ந்த பின்னரும் அதன் தங்கையாகிய கிண்ணம் ஓயவில்லை. 1929 இல் பாரிஸ் நகரில் வறுமையில் வாடிய இளைஞர் ஒருவர் நுரையீரல் அழற்சியுடன் பொது மருத்துவமனை ஒன்றிற் சேர்ந்தார். ஜோர்ஜ் ஓர்வெல் என்ற பெயரில் உலகம் பின்னர் அறிந்த எழுத்தாளர் அவர். ஏழைகள் சாகும் விதம் பற்றி 1946 இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலே, பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வைத்த அதே கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவாமலே தம் முதுகிலும் வைத்துக் கீறிக் குருதி எடுத்ததை விவரிக்கின்றார். வைத்தியரும் மாணவரும் அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. நூறாண்டுக்கு முன்னர் அதே நகரில் எண்ணப்பட்ட கணக்கு, கேள்வி கேட்க இயலாதவர்களின் கட்டிலை இன்னும் வந்தடையவில்லை. பழைமை நெடுங்காலம் நீடிப்பது பெரும்பாலும் ஏழையின் உடலிலேதான்.

இன்றோ நிலைமை விசித்திரமாக மாறியுள்ளது. 2016 இல் ரியோ ஒலிம்பிக் போட்டியில் நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸின் தோளில் வட்டத் தழும்புகளை உலகம் கண்டது. நாவிதனின் கையில் இழிவாயிருந்த கிண்ணம், குளிரூட்டிய அறையில் விலையுயர்ந்த பண்டமாயிற்று. அதே 2016 இல் ஜேர்மன் ஆராய்ச்சியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடலெங்கும் நாட்பட்ட தசைநோவு கொண்ட 141 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு பிரிவினருக்கு உண்மைக் கிண்ணம். மற்றொரு பிரிவினருக்குத் துளையிட்டு உறிஞ்சும் ஆற்றலை அகற்றிய பொய்க் கிண்ணம். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. உண்மைக் கிண்ணம் பெற்றோர் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட நோவு குறைந்ததாகக் கூறினர். ஆனால் பொய்க் கிண்ணம் பெற்றோரைவிடக் குறைந்ததாக அன்று. அவ்வாறாயின் ஆறுதல் தந்தது எது? கிண்ணமா, அல்லது ஒரு மனிதன் அருகிருந்து முதுகைத் தொட்டுக் கவனித்த அந்நேரமா?

இலங்கையில் 1961 இல் ஆயுர்வேதச் சட்டம் நிறைவேறியது. நாட்டு வைத்தியம் அரசின் ஏற்பைப் பெற்றது. அந்நிய ஆட்சி ஏளனம் செய்த அறிவுக்கு மதிப்பளித்தது நியாயமே. ஆயினும், ஏளனத்துக்கு மறுமொழி வழிபாடு அன்று. 'நம் முன்னோர் செய்தது' என்பதால் ஒரு சிகிச்சை உண்மையாகிவிடாது. 'படியாதவன் செய்தது' என்பதால் பொய்யாகிவிடவும் மாட்டாது. முன்னோர் என்று நாம் சொல்லும்போது ஏடு எழுதியவரை மட்டுமே நினைக்கின்றோம். கொம்பை வாயால் உறிஞ்சியவனும், குருதி படிந்த துணியைத் துவைத்தவளும், விகுதியின்றி அழைக்கப்பட்ட பரியாரியும் நம் முன்னோர் அல்லரோ?

ஆசிரியர்களே, மாணவர்களே! ஒரு சிகிச்சையைப் போற்றுவோர் வரும்போது எண்ணிக்கையைக் கேளுங்கள்: எத்தனை பேருக்குச் செய்தீர், எத்தனை பேர் நலமடைந்தனர், செய்யாதோர் நிலை என்ன? அதனை இகழ்வோர் வரும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதனோடு இன்னொன்றும் கேளுங்கள்: இதனைச் செய்த கைக்கு என்ன கூலி கிடைத்தது, என்ன பெயர் கிடைத்தது? முதற் கேள்வி இல்லாத வைத்தியம் மூட நம்பிக்கை. இரண்டாவது கேள்வி இல்லாத வரலாறு அரை வரலாறு. ஒடிந்த சிறகு பொருந்தினாலன்றிப் பறவை பறவாது.