காது இரைச்சலுக்குத் தண்ணீர்ச் சத்தம்

நம் வயதுக்காரர்களில் பலருக்கும் இந்தத் தொந்தரவு உண்டு. சிலருக்குக் காதுக்குள் ‘கொய்ங்’ என்று வண்டு சுற்றும். சிலருக்குக் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ‘உஸ்’. பகலில் எப்படியோ ஓடிவிடும். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றதும்தான் அதன் சுயரூபம் தெரியும். எனக்கும் அப்படித்தான்.

ஃபேன் சத்தம் இதை அமுக்குவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. வெளியே ஓசை எழுப்பினால் காதுக்குள் கேட்கும் ரீங்காரம் ஏன் நிற்கிறது என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கிரேக்கக் கேள்வித் தொகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். பெரிய சத்தம் சின்னதை விரட்டுகிறதோ என்று பதிலும் அங்கே கேள்வியாகவே நிற்கிறது.

அதை வைத்தியமாக எழுதிவைத்தவர் பாரிஸில் காது கேளாதோர் பள்ளி மருத்துவராக இருந்த இத்தார். காது நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1821-ல் வந்தது. உள்ளே கேட்பதற்கு ஏற்ற வெளிச் சத்தத்தைத் தேடு என்பது அவர் யோசனை. காற்று மாதிரி இரைகிறதா? கணப்பில் நெருப்பு நன்றாக எரியட்டும். மணி மாதிரி ஒலிக்கிறதா? உலோகப் பாத்திரத்தில் தண்ணீர் விழட்டும். தண்ணீரால் ஓடும் மாவு ஆலையில் போய்க் குடியிருப்பதும் அவர் சொன்ன வழிகளில் ஒன்று! சிரிப்பு வரலாம். ஆனால் தீராத நோய் என்று கையை விரிக்காமல், மனுஷன் தூங்க வேண்டுமே என்று யோசித்த டாக்டர் அவர்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1970-களில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் மறுபடியும் தண்ணீர்தான் வழி காட்டியது. காது ஆராய்ச்சியாளர் ஜாக் வெர்னனைப் பார்க்க வந்திருந்தார் சார்லஸ் யூனிஸ். இவரும் டாக்டர், இரைச்சலால் அவதிப்பட்டவர். லவ்ஜாய் நீரூற்றுப் பக்கம் போனபோது அவர் காதிலிருந்த இரைச்சல் கேட்காமல் போனது. அந்தச் சத்தத்தைக் காதோடு எடுத்துப் போக முடியாதா என்று வெர்னன் முனைந்ததில், காது மெஷின் போலவே அணிந்துகொள்ளும் ‘மாஸ்கர்’ கருவி வந்தது.

1990-களில் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் இதை வேறு பக்கம் திருப்பினார். இரைச்சலை முழுக்க மூழ்கடிக்காதே. காதில் விழாத ஒன்றுக்கு மூளை எப்படிப் பழகும்? வெளிச் சத்தத்தை மெதுவாக வை, இரண்டும் கேட்கட்டும், கூடவே இது என்னவென்று நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சொல் என்றார். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

இன்று செல்போனிலேயே மழையும் அருவியும் கிடைக்கின்றன. அதற்கு முன்னால், ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ, இ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.