வேலூரில் மறுவாழ்வு மருத்துவமும் தொழில் தேர்வும்

விபத்தாலோ நோயாலோ உடல் பாதிக்கப்பட்டவர் மீண்டும் எந்த வேலையைச் செய்ய இயலும் என்று மதிப்பிடுவது மறுவாழ்வு மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையது.

அங்குப் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1940களின் இறுதியிலிருந்து அறுவை சிகிச்சையால் இயங்கச் செய்தார். ஆனால் குணமானவர்களுக்கு வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. எனவே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு தொடங்கப்பட்டு, தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன.

இவர்களுடைய கைகளில் வலுவிருந்தும் வலியுணர்வு இல்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவனது விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவனோ அதை அறியவில்லை. இத்தகைய கையால் சுத்தியலைப் பிடித்தால் என்னவாகும்? நிலையத்தில் கைகள் நாள்தோறும் பரிசோதிக்கப்பட்டன. புண் கண்டால் அது எந்தக் கருவியால் வந்தது என்று தேடி, அதன் பிடியை மாற்றினர். வேலையின் பெயரை மட்டும் பார்த்துத் தகுதி சொல்ல முடியாது என்பது இதனால் விளங்கியது.

1954 ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில், அதே மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் திறனை இழந்தார். அறுவை சிகிச்சை நின்றுகொண்டு செய்யும் வேலை என்பதே பொதுவான எண்ணம். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் எடுத்துக் கூறினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, அதே ஊதியத்தில் அவருக்கு ஏற்ற பணிக்கு மாற்ற வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 47ஆம் பிரிவில் கூறியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் இதையே கூறுகிறது. எனினும் இப்பாதுகாப்பு அரசு நிறுவனங்களின் ஊழியர்களுக்கே உரியது. சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளிக்கு இப்பிரிவு பொருந்தாது.