சீனர் பஞ்சாங்கமும் தீக்குதிரை ஆண்டும்

சீன நண்பர்களின் பெருநாள் ஓர் ஆண்டு சனவரியிலும் மற்றோர் ஆண்டு பிப்ரவரியிலும் வருவதைக் காணும் மாணவர், “ஏன் ஐயா இப்படி?” என்று கேட்பதுண்டு. “அவர்கள் நிலவைப் பார்த்து ஆண்டைக் கணக்கிடுகிறார்கள்” என்று சொல்லி நானும் பல ஆண்டுகள் அமைந்திருந்தேன். அது பாதி விடையே. நிலவை மட்டும் பின்பற்றுவது இஸ்லாமியர் ஆண்டு. ஆதலால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வந்து, எல்லா மாதங்களையும் சுற்றிவிடுகிறது. சீனப் பெருநாளோ சனவரி 21-க்கும் பிப்ரவரி 21-க்கும் இடையிலேயே நிற்கிறது. ஞாயிறு, திங்கள் இரண்டையும் ஒருங்கே பற்றிய கணக்கு அது.

ஞாயிறும் திங்களும்

அமாவாசை கூடும் நாளே சீனர் மாதத்தின் முதல் நாள். இத்தகைய பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354 நாள் அளவே ஆகும். ஞாயிற்றின் ஆண்டோ 365 நாளுக்குச் சற்று மேற்பட்டது. இந்தக் குறையை அப்படியே விட்டால், விதைப்புக்குரிய மாதம் சில ஆண்டுகளில் கடுங்குளிரில் வந்து நிற்கும். எனவே 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மிகைமாதம் சேர்க்கப்படுகிறது.

அதை எங்கே சேர்ப்பது? ஞாயிற்றின் ஓராண்டு வழியைச் சீனர் 24 கூறுகளாகப் பகுத்தனர். அவற்றுள் 12 கூறுகள் மாதங்களை அறுதியிடுபவை. அவற்றுள் ஒன்றும் தொடங்காத மாதமே மிகைமாதம். இவ்விதி கி.மு. 104-இல் ஹான் மரபுப் பேரரசர் வூ காலத்தில் வகுத்த பஞ்சாங்கத்திலேயே இடம்பெற்றது. தெலுங்கர் முதலியோரின் சாந்திரமானப் பஞ்சாங்கத்தில் சங்கராந்தி இல்லாத மாதத்தை அதிக மாதம் என்பதும் இதே நெறியே. 2025-இல் பிறந்த பாம்பு ஆண்டில் இவ்வாறு ஒரு மாதம் மிகுந்ததால் அது 384 நாள் நீண்டது. அடுத்த குதிரை ஆண்டு 2026 பிப்ரவரி 17 முதல் 2027 பிப்ரவரி 5 வரை, 354 நாள் அளவினது. முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்து வழிபடும் செங் பெங் நாள் மட்டும் ஏப்ரல் 5-ஐ ஒட்டியே வருவதேன் என்பதும் இங்கே விளங்கும். அது நிலவின் நாளன்று. 24 கூறுகளுள் ஒன்றின் தொடக்கம்.

அறுபது ஆண்டு வட்டம்

பிரபவ முதல் அட்சய வரை நமக்கு அறுபது ஆண்டுப் பெயர்கள் இருப்பதுபோல் சீனருக்கும் அறுபது உண்டு. பத்துக் குறிகள் ஒரு வரிசை. பன்னிரண்டு குறிகள் மற்றொரு வரிசை. இரண்டும் இணையாகச் சுழன்று, அறுபதாம் படிக்குப் பின் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சாங் அரசர் காலத்துக் குறியெலும்புகளில் நாள்களை எண்ண இவ்வட்டம் பயன்பட்டது. அவர்களுடைய இப்போதைய வட்டம் 1984-இலும் நம்முடையது 1987-இலும் தொடங்கின. ஆகவே நம் பராபவ ஆண்டும் அவர்களுடைய தீக்குதிரை ஆண்டும் 1966-இல் ஒன்றாக வந்தன. 2026-இலும் ஒன்றாகவே வருகின்றன.

பன்னிரு விலங்குகள் இவ்வட்டத்தில் பின்னர் வந்து ஏறியவை. ஹூபே மாநிலத்தின் ஷுயிஹூதியில் 1975-இல் அகழ்ந்த கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கல்லறையில் மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றிலுள்ள விலங்குப் பட்டியலில், இன்று குதிரை நிற்கும் இடத்தில் மான் நிற்கிறது! இன்றைய வரிசையை கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சுங் என்னும் அறிஞரின் நூலில் காண்கிறோம். அவர் அதை எடுத்துரைத்தது நம்புவதற்கன்று, மறுப்பதற்கே. நீர் தீயை வெல்லுமெனில், நீருக்குரிய எலி தீக்குரிய குதிரையைத் துரத்த வேண்டுமே என்பது அவர் வாதத்துள் ஒன்று.

தீக்குதிரையும் பெண்மக்களும்

சீனரிடமிருந்து இந்த வட்டத்தைப் பெற்ற சப்பானியர், தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று நம்பலாயினர். 1873-இல் சப்பான் பழைய பஞ்சாங்கத்தைக் கைவிட்டு ஆங்கில நாட்காட்டியை ஏற்றது. பஞ்சாங்கம் போயிற்று, நம்பிக்கை போகவில்லை. 1906-இல் பிறந்த பெண்கள் மணப்பருவம் எய்தியபோது வரன் கிடைக்காமல் துன்புற்றனர். 1965-இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் 18 இலட்சத்து 23 ஆயிரம். 1966-இல் அத்தொகை 13 இலட்சத்து 60 ஆயிரமாக வீழ்ந்தது. 1967-இல் 19 இலட்சத்து 35 ஆயிரமாக உயர்ந்தது. தொழில்வளம் பெருகிய நாட்டில், போரோ பஞ்சமோ இல்லாத ஓர் ஆண்டில் நேர்ந்தது இது.

நற்பெயர் பெற்ற ஆண்டாலும் தொல்லை உண்டு. சிங்கப்பூரில் 1987-இல் 43,616 ஆக இருந்த பிறப்பு, 1988-ஆம் டிராகன் ஆண்டில் 52,957 ஆயிற்று. மக்கள்தொகைக் கொள்கையை அரசு 1987-இல் மாற்றியதும் இதற்கு ஒரு காரணமே. எனினும், நல்ல ஆண்டென்று பலரும் ஒருங்கே பெற்றால், அப்பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் மிகுந்த போட்டியைச் சந்திக்க நேரும். பேறு தரும் என்று எண்ணிய ஆண்டே நெருக்கடியைத் தரக்கூடும்.

இவற்றைக் கேட்டுப் பிறரைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. மூல நட்சத்திரம் என்றும் செவ்வாய் தோஷம் என்றும் சொல்லி, நன்கு படித்த பெண்பிள்ளைகளின் திருமணத்தைத் தள்ளிப்போடும் வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன. இங்கும் சுமை பெண்ணின் தலையிலேயே விழுகிறது.

ஆசிரியர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். ஞாயிற்றையும் திங்களையும் இணைத்த சீனரின் கணிதம் நம் மாணவர் கற்று வியக்கத்தக்க அறிவு. அதன்மேல் ஏறிய அச்சம் அறிவன்று. பள்ளிப் பதிவேட்டில் பிறந்த நாளை நாம் எழுதுவது பிள்ளையின் வயதை அறிவதற்கே. அதன் தகுதியை அளப்பதற்கன்று.