கோஷா ஆஸ்பத்திரியும் குறைமாதக் குழந்தையும்

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போய் வருபவர்களுக்கு பெட்டிக்குள் ஒட்டப்படும் அந்தச் சின்ன நோட்டீஸ்கள் நன்றாகத் தெரியும். மூலம், பௌத்திரம், கூடவே "வெள்ளைப்படுதல்". ஊரே பார்க்க அச்சடிக்கிற இந்த வார்த்தையை வீட்டில் மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் குறைமாதப் பிரசவத்தின் வரலாற்றில் இந்த வார்த்தைக்கு முக்கியமான இடம் உண்டு.

முதலில் சென்னைக் கதை. இங்கே அரசு பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது. இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரி அதன் தொடர்ச்சிதான். ஆஸ்பத்திரி இருந்து என்ன பயன்? ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டே பல பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். 1866-ல் வக்கீல் கணவரோடு சென்னை வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இதைப் பார்த்து, தானே மருத்துவம் படிப்பது என்று முடிவு செய்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் அவரும் ஒருவர். 1885-ல் அவர் முயற்சியில் பெண்களுக்கென்றே தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி! இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரில் இருப்பது அதுவேதான்.

அங்கே சென்னையில் இது நடக்க, ஜெர்மனியில் 1892-ல் டோடர்லைன் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கண்டார். பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை லாக்டிக் அமிலம் சுரந்து, மற்ற கிருமிகள் பெருகாமல் காவல் காக்கின்றன. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டோபேசில்லஸ் குடும்பம்தான் இவையும்.

இந்தக் காவல் தளர்ந்தால்? 1955-ல் அமெரிக்காவில் கார்ட்னர், டியூக்ஸ் இருவரும் ஒரு புதுக் கிருமியைக் காட்டி, இதுதான் குற்றவாளி என்றார்கள். 1980-ல் அந்தக் கிருமிக்கு கார்ட்னரின் பெயரையே வைத்தார்கள். ஆனால் குற்றவாளி ஒருவர் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நல்லவை குறைய, வேறு பலவகைக் கிருமிகள் சேர்ந்து பெருகுகின்றன. அந்தச் சமநிலைக் குலைவுக்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர்.

1983-ல் ஆம்செல் குழுவினர் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி சொன்னார்கள். நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் போதும்: நீர்த்த வெள்ளை, குறைந்த அமிலத்தன்மை, மீன் வாடை, மைக்ராஸ்கோப்பில் கிருமி மொய்த்த செல்கள். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

அடுத்தது 1995. அமெரிக்காவில் 7 மையங்களில் 10,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். சுமார் 16 சதவீதம் பேருக்கு இந்தக் குலைவு இருந்தது. அவர்களுக்கு எடை குறைந்த குறைமாதக் குழந்தை பிறக்கும் அபாயம் 40 சதவீதம் அதிகம்! கிருமிகள் மேலேறி கர்ப்பப்பை வரை போனால் அழற்சி உண்டாகும். அதனால் வலி முன்கூட்டியே வரலாம், பனிக்குடம் உடையலாம் என்பது விளக்கம்.

அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் தீர்ந்ததா? அதுதான் இல்லை. 2000-ல் அமெரிக்காவில், அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்தார்கள். குறைமாதப் பிரசவம் குறையவில்லை. 2018-ல் பிரான்சில், அபாயம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு க்ளிண்டாமைசின் கொடுத்தபோதும் அதே கதை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்றை நீக்கினால் மற்றது நின்றுவிடும் என்று சொல்ல முடியாதே! அதனால் 2020-ல் அமெரிக்க நிபுணர் குழு, அறிகுறியோ கூடுதல் அபாயமோ இல்லாத கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் வாடையோ வழக்கத்துக்கு மாறான வெள்ளையோ இருந்தால் கதை வேறு. கர்ப்பிணி டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், சிகிச்சை உண்டு. வெள்ளை எல்லாமே நோய் அல்ல, கர்ப்பத்தில் ஓரளவு படுவது இயல்புதான். எது இயல்பு, எது நோய் என்று டாக்டர் சொல்லட்டும், ரயில் நோட்டீஸ் அல்ல. சுத்தம் என்று நினைத்து உள்ளே சோப்பு, டெட்டால் விட்டுக் கழுவுவதும் தவறு. காவல் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2020-ல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்த குழந்தைகள் சுமார் 1.34 கோடி. இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம், எந்த நாட்டையும் விட அதிகம். காரணங்கள் பல, இது அதில் ஒன்றுதான்.

1931-ல் மின்சார ரயில் வந்து, தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் இருந்த தூரத்தைக் குறைத்தது. இன்று குரோம்பேட்டையிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பெண் டாக்டர்களும் இருக்கிறார்கள். மேரி ஷார்லீப் காலத்துக் கூச்சம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. அம்மாவிடமோ அக்காவிடமோ இதைச் சொல்ல முடிந்தால், அங்கிருந்து டாக்டரிடம் போவது அத்தனை கஷ்டமில்லை.