முக்கோணம் போடும் சத்தம்

காசு செலவழித்து காரின் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. காசு செலவழித்து அதைக் குறைக்கிற ஒரு கூட்டமும் இருக்கு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர். குழாயை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, சொந்தமாக சைலன்சர் கட்டுகிறார்கள். ஏன் இந்த வேண்டாத வேலை?

கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஜெர்மனிக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெல். பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதற்குப் பதிலாக, ஒரு முக்கோண ரோட்டர் சுற்றிக்கொண்டே நாலு வேலையையும் முடித்துவிடும் என்பது அவர் யோசனை. 1957-இல் என்எஸ்யூ கம்பெனியில் முதல் மாதிரி ஓடியது. பிறகு ஹிரோஷிமாவின் மாஸ்டா உரிமம் வாங்கியது. கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 எஞ்சினியர்கள் உட்கார்ந்தார்கள். ரோட்டரின் முனையில் இருக்கும் சீல், உள்சுவரைக் கீறிக் கீறித் தடம் போட்டது. 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதைத் தாண்டி 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது.

சரி, சத்தம் எங்கிருந்து வருது? சாதாரண எஞ்சினில் புகை வெளியேறும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ரோட்டரியில் வால்வே கிடையாது. சுவரில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ரோட்டர் முனை அதைக் கடந்த நொடியில் வழி திறந்துவிடும். அழுத்தத்தில் இருக்கும் வாயு பலூன் வெடிப்பது மாதிரி வெளியே பாயும். போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் கொஞ்சம் வெளியே வந்து குழாயிலும் எரியும். அதனால் சூடும் அதிகம்.

இந்தச் சத்தத்தின் உச்சம் 1991 லெ மான் பந்தயம். நாலு ரோட்டர், டர்போ இல்லாத மாஸ்டா 787பி ஜெயித்தது. 2018-இல் டொயோட்டா ஜெயிக்கும் வரை அங்கே வென்ற ஒரே ஜப்பான் கம்பெனி மாஸ்டாதான். அந்த ஓலத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதே 1991-இல்தான் இரட்டை டர்போவோடு மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வந்தது. டர்போவின் சக்கரம் வாயுவின் சக்தியில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வதால் சத்தம் ஓரளவு தானாகவே அடங்கும். ஆனால் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரான குழாய் மாட்டினார்கள். டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் அது சீக்கிரம் சுழலும். உண்மைதான். ஆனா இங்கேதான் வில்லங்கம். அதிகப்படி வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இந்தக் காரில் சின்னது. தடை ரொம்பக் குறைந்தால் அதனால் சமாளிக்க முடியாது. பூஸ்ட் அழுத்தம் வரம்பு மீறி ஏறும், எரிபொருள் தப்பான நேரத்தில் வெடிக்கும், முனை சீல் உடையும். யாமமோட்டோ குழு வருஷக்கணக்கில் போராடிய அதே சீல்!

ஆகவே சத்தம் வேறு, சக்தி வேறு. வாயுவை அதிகம் தடுக்காமல் ஒலியை மட்டும் தடுப்பதுதான் சவால்.

முதல் வழி, ஒலியை உறிஞ்சுவது. துளை போட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைப்பது. ரோட்டரியின் சூட்டில் சாதாரண கண்ணாடி இழை சீக்கிரம் பொடிந்து பறந்துவிடும். அதனால் முதலில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பளி, அதன் மேல் சூடு தாங்கும் இழை. இது கீச்சுச் சத்தத்தை அடக்கும். காருக்குள் தலைவலி தரும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்தை அடக்காது.

அதற்கு இரண்டாவது வழி, ஒலியை ஒலியால் அடிப்பது. கணக்கு எளிது. இரண்டு ரோட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும். 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100. குழாயில் 400 டிகிரி சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 520 மீட்டர் ஓடும். அலைநீளம் 5.2 மீட்டர். அதில் கால்வாசி, 1.3 மீட்டர் நீளத்தில், முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால், உள்ளே போன அலை திரும்பி வரும்போது தலைகீழாக வரும். இரண்டும் மோதி அடங்கிவிடும். வாயு அந்தக் கிளை வழியாக ஓடுவதே இல்லை, அதனால் தடையும் இல்லை. தாழ்வான காரில் இடம் கிடைக்காது என்பதால் கிளையைப் பெரிய குழாயோடு ஒட்டி மடக்கிவிடுவார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மாஸ்டாவும் 2003 ஆர்எக்ஸ்-8-இல் புகை வழியைப் பக்கச் சுவருக்கு மாற்றியது. அந்தக் காரும் 2012-இல் நின்றுபோனது. 2023-இல் ரோட்டரி திரும்பி வந்தது, மின்சாரக் காரில் ஜெனரேட்டராக. ஓலமிட்ட சிங்கம் இன்வெர்ட்டர் வேலை பார்க்குது :-)

பந்தயத் தடங்களைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவின் லகூனா செக்காவில் பல நாட்கள் 90 டெசிபலை ஒட்டித்தான் வரம்பு. மீறினால் கொடி காட்டி வெளியேற்றுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளும் வரைதான் இந்தக் கார்கள் ஓட முடியும். அதனால் என் ஓட்டு, சத்தத்தைக் குறைக்கும் அந்தச் சின்னக் கூட்டத்துக்கே. ரோட்டரியை இன்னும் கொஞ்ச காலம் ரோட்டில் வைத்திருக்கப் போவது அவர்கள்தான்.

நீங்க எந்தக் கட்சி?